வாலஸ் தர்மனை வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் நூலை எழுதியவரையும் ஆசிரியர் என்கிறோம். இதழை நடத்துபவரையும் ஆசிரியர் என்கிறோம். மற்ற இடங்களில் குழப்பம் தரும் இந்தப் பொதுச்சொல், வாலஸ் தர்மன் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிப் பேசும்போது மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. நியூயார்க்கின் கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெமில் 1920களில் எழுந்த இலக்கிய எழுச்சியில் அவர் நாவலாசிரியராகவும் இதழாசிரியராகவும் பதிப்பாசிரியராகவும் இருந்தார். அந்த மூன்று வேலைகளையும் பிரித்துப் பார்த்தால் மூன்றுமே அரைகுறையாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால்தான் 32 வயதில் முடிந்துபோன அந்த வாழ்க்கையின் முழு அளவு தெரியும். அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் தொடங்குகிற ஒருவர் எதை முதலில் எடுக்க வேண்டும், எதைப் பிறகு எடுக்க வேண்டும், எந்த இடத்தில் நிதானிக்க வேண்டும், எதை மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் அவர் பாண்டவர்களில் மூத்தவரைப் போலத் தெரிவார். வேறு எழுத்துக்கூட்டல் எதுவும் ஒலிக்கு இதைவிட நெருக்கமாக வராததால் அப்படியே வைத்துக்கொள்கிறேன். பொய்யே சொல்லாதவர் என்ற பொருத்தத்தை மட்டும் அவரிடம் தேட வேண்டாம். தன்னைப் பற்றியே அவர் சொன்ன சிலவற்றை நாம் ஐயத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கும்.

முதற்படி: காலத்தையும் இடத்தையும் நிலைப்படுத்திக்கொள்ளுதல்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் சில ஊர்களையும் ஆண்டுகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1902 ஆகஸ்ட் 16 அன்று யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் தர்மன் பிறந்தார். மார்மன் என்ற கிறித்தவப் பிரிவினரின் தலைநகரமான அந்த ஊரில் கறுப்பினத்தவர் மிகச் சிலர். 1920இல் யூட்டா மாநிலம் முழுவதிலுமே அவர்களின் தொகை ஒன்றரை ஆயிரத்தை எட்டவில்லை. தந்தை சிறுவயதிலேயே விட்டுப் பிரிந்தார். தாய் பலமுறை மணம் செய்துகொண்டவர். பையனை உண்மையில் வளர்த்தவர் 'மா ஜாக்' என்று அவர் அழைத்த பாட்டி எம்மா ஜாக்சன். யூட்டா பல்கலைக்கழகத்திலும், பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலும் படித்தார்; அங்கே அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்தார். உடன் வேலை பார்த்த அர்னா போன்டாம் பின்னாளில் தாமும் ஒரு எழுத்தாளராக அறியப்பட்டவர். கறுப்பினச் செய்தித்தாள் ஒன்றில் பத்தி எழுதியதும், 'அவுட்லெட்' என்ற இதழைத் தொடங்கி ஆறே மாதத்தில் அதை மூடியதும் அந்த ஊரில்தான். 1925இல் நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து சேர்ந்தார். 1934 டிசம்பரில் அதே நகரத்தில் காசநோயால் இறந்தார்.

ஹார்லெமில் அவருக்குக் கிடைத்தது மொத்தம் ஒன்பதே ஆண்டுகள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அவரது எழுத்தில் இருக்கிற அவசரத்தை அவசரம் என்றே மன்னிக்கத் தோன்றும். ஆறு மாதத்தில் மூடிய அந்த முதல் இதழையும் மறக்க வேண்டாம்; பின்னாளில் வரப்போகிற எல்லாவற்றுக்கும் அது ஒரு முன்னோட்டம்.

சொற்களைப் பற்றியும் இங்கேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. அக்கால நூல்களிலும் தலைப்புகளிலும் 'நீக்ரோ' என்ற சொல் இயல்பாக வரும். அன்று கறுப்பின எழுத்தாளர்களே மதிப்போடு பயன்படுத்திய சொல் அது. மேற்கோளில் அதை அப்படியே விட்டுவிட்டு, நம் பேச்சில் கறுப்பினத்தவர் என்றோ ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றோ சொல்லலாம். அதுபோலவே, பழைய இழிசொற்களை விட்டுவிட்டுத் தன்பாலீர்ப்பு என்று எழுதுவதே இன்று தமிழில் நிலைபெற்றுவரும் வழக்கம். தர்மனுக்கு அச்சொல் எவ்வளவு பொருந்தும் என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் படி: நாவலில் தொடங்காதீர்கள், இதழில் தொடங்குங்கள்

பெரும்பாலோர் 1929இல் வந்த முதல் நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பாதியில் வரும் ஒரு விருந்துக் காட்சியில் யார் யார் என்று தெரியாமல் தடுமாறி, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தர்மன் நடத்திய 'ஃபயர்!!' இதழைப் படித்த பிறகு அதே காட்சிக்குத் திரும்பியபோது, அங்கே அமர்ந்திருந்தவர்கள் எல்லோரும் தெரிந்த முகங்களாக இருந்தார்கள். ஆகவே என் பரிந்துரை, அந்த இதழ் வந்த 1926 நவம்பரில் தொடங்குங்கள் என்பதே.

அதற்குள் தர்மனுக்கு ஓரளவு இதழியல் பயிற்சி கிடைத்திருந்தது. ஏ. பிலிப் ராண்டால்ஃபும் சாண்ட்லர் ஓவனும் 1917இல் தொடங்கிய சோசலிச இதழான 'த மெசஞ்சர்' அவரைச் சில மாதங்கள் ஆசிரியப் பொறுப்பில் வைத்திருந்தது. அங்கே இருந்தபோது கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் சிறுகதைகளை வாங்கி வெளியிட்டார். கதைக்குப் பத்து டாலர். அந்தக் கதைகள் மிக மோசமானவை என்றும், ஆனாலும் கைக்குக் கிடைத்த மற்றவற்றைவிடத் தேவலை என்பதால் வெளியிடுவதாகவும் ஹியூஸுக்கே எழுதினார். இதை வருத்தமில்லாமல் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருப்பவர் ஹியூஸ்தான். தர்மன் என்ற இதழாசிரியரின் குணத்தை அறிய இந்த ஒரு கடிதமே போதும். கிடைத்ததைப் பாராட்டத் தெரியாது. ஆனால் ஒதுக்கவும் மாட்டார்.

1926 கோடையில் ஹார்லெமின் இளையவர்கள் சிலர் சேர்ந்து தங்களுக்கென ஒரு சிற்றிதழ் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஹியூஸ், ஸோரா நீல் ஹர்ஸ்டன், க்வெண்டலின் பென்னட், ரிச்சர்ட் புரூஸ் நுஜென்ட், ஓவியர் ஏரன் டக்ளஸ், ஜான் டேவிஸ் ஆகியோர் தர்மனோடு சேர்ந்தார்கள். ஆளுக்கு 50 டாலர் போடுவதென்று பேச்சு. போட்டவர்கள் மூவர் மட்டுமே. நல்ல தாள், நல்ல அச்சு, டக்ளஸ் வரைந்த கருப்பும் சிவப்புமான அட்டை என்று ஆசை வளர வளர, அச்சகச் செலவு ஏறத்தாழ ஆயிரம் டாலரைத் தொட்டது. விலை ஒரு டாலர். விற்றது சொற்பம். விற்காத படிகளை ஒரு வீட்டின் நிலவறையில் அடுக்கி வைத்திருந்தபோது அங்கே நெருப்புப் பற்றி, 'நெருப்பு' என்று பெயர் கொண்ட இதழின் பெரும்பகுதி எரிந்துபோனது. கடன் மட்டும் எரியவில்லை. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு தர்மனின் சம்பளத்திலிருந்து அச்சகத்துக்கான தொகை பிடித்தம் செய்யப்பட்டது. சிற்றிதழ் நடத்திக் கடனாளியானவர்களை அறிந்த வாசகருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

வந்தது ஒரே இதழ். அதை எப்படிப் படிப்பது? 1982இல் அசல் பக்கங்களைப் போலவே மறுபதிப்புச் செய்யப்பட்டது. அசல் இதழ் அமெரிக்காவில் காப்புரிமை முடிந்த ஒன்று என்பதால் இணையத்திலும் பக்கப் படங்களாகக் காணக்கிடைக்கிறது. முடிந்தவரை பக்கப் படமாகவே பாருங்கள்; தட்டச்சு செய்த வடிவத்தில் டக்ளஸின் கோட்டோவியங்கள் போய்விடும். முதலில் ஹர்ஸ்டனின் 'ஸ்வெட்' என்ற சிறுகதையைப் படிக்கலாம், ஏனென்றால் இதழின் ஆகச் சிறந்த எழுத்து அதுதான். வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துச் சம்பாதிக்கும் பெண்ணும், அவளைக் கொடுமைப்படுத்தும் கணவனும், துணிக்கூடைக்குள் ஒரு பாம்பும் அக்கதையில் வருகிறார்கள். அடுத்து தர்மனின் 'கார்டீலியா த க்ரூட்'. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பாலியல் தொழிலை நோக்கி நழுவுவதைச் சொல்லும் சிறிய கதை. இலக்கியமாக அது சுமார்தான், ஆனால் பின்னால் அவர் எழுதிய நாடகத்தின் விதை என்பதால் விட்டுவிட முடியாது.

அதன்பின் நுஜென்ட், ரிச்சர்ட் புரூஸ் என்ற பெயரில் எழுதிய 'ஸ்மோக், லிலீஸ் அண்ட் ஜேட்'. இதற்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். பத்தொன்பது வயது ஓவியன் அலெக்ஸ் கட்டிலில் படுத்தபடி சிகரெட் புகையை ஊதிக்கொண்டு நினைவுகளில் மிதக்கிறான். வாக்கியம் முழுமையாக முடிவதே இல்லை. ஒவ்வொரு சொற்றொடருக்கும் அடுத்ததற்கும் இடையே புள்ளிகள், புள்ளிகள். நள்ளிரவுத் தெருவில் சந்தித்த ஓர் ஆணின் மீது கொண்ட ஈர்ப்பும், ஒரு பெண்ணின் மீதான காதலும் அருகருகே நிற்கின்றன. ஒன்றை நேசித்தால் மற்றதை விட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லாமலே கதை நகர்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தன்பாலீர்ப்பை மறைக்காமல் எழுதி அச்சேறிய முதல் கதையாக இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பெரியவர்களை அதிரவைக்க இதழில் இரண்டு கதைகள் வேண்டும் என்றும், ஒன்று பாலியல் தொழிலைப் பற்றியது, மற்றொன்று தன்பாலீர்ப்பைப் பற்றியது என்றும் தீர்மானித்து, யார் எதை எழுதுவதென்று தாமும் தர்மனும் காசைச் சுண்டிப் பார்த்ததாக நுஜென்ட் முதுமையில் நினைவுகூர்ந்தார். கதை, தொடரும் என்ற குறிப்போடு முடிகிறது. இரண்டாம் இதழ் வரவில்லை.

இதழின் கடைசிப் பக்கங்களில் தர்மன் எழுதிய கருத்துரைகளையும் தாண்டிவிடாதீர்கள். கறுப்பின எழுத்தாளன் தன் இனத்துக்கு நற்பெயர் தேடித்தரும் விளம்பர வேலையைச் செய்யக் கூடாது என்ற அவரது வாழ்நாள் வாதம் அங்கேதான் தொடங்குகிறது. அவர் எதிர்த்தது கறுப்பின அறிஞரும் தலைவருமான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் போன்ற மூத்தவர்களின் நிலைப்பாட்டை. அவர்களது அச்சத்துக்கும் காரணம் இருந்தது என்பதை இன்று நாம் நியாயமாகச் சொல்லலாம். ஆட்களை மரத்தில் தொங்கவிடும் கும்பல் கொலைகள் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், தம் மக்களைப் பற்றி அச்சாகும் ஒவ்வொரு வரியும் சாட்சியாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

மூன்றாம் படி: இரண்டு கட்டுரைகள்

இங்கே அதிக நேரம் தேவையில்லை. 1927 ஆகஸ்டில் 'த நியூ ரிபப்ளிக்' வெளியிட்ட, நீக்ரோ கலைஞர்களும் நீக்ரோக்களும் என்ற பொருள்படும் கட்டுரையைப் படியுங்கள். 'ஃபயர்!!' ஏன் வெறுக்கப்பட்டது என்பதை அதில் அவரே சொல்கிறார். அடுத்து, ஹார்லெம் வாழ்க்கையைப் பற்றி மலிவு விலைக் குறுநூல் வரிசை ஒன்றுக்காக 1928இல் எழுதியதைப் பாருங்கள். எந்தத் தெருவில் எந்த வகை மக்கள், எந்த விடுதியில் எந்த நிறத்தவருக்கு வரவேற்பு, வாடகைப் பணம் திரட்ட வீட்டிலேயே நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் விருந்து எப்படி இருக்கும் என்பதையெல்லாம் தகவலாகத் தரும் அந்தக் குறுநூல், அடுத்து வரும் நாவலுக்கு வரைபடம் போல உதவும். இவை இரண்டும், வேறு கட்டுரைகளும் கடிதங்களும், 2003இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தொகுப்பில் ஒரே இடத்தில் உள்ளன. அம்ரித்ஜித் சிங்கும் டேனியல் ஸ்காட்டும் சேர்ந்து பதிப்பித்த நூல் அது.

நான்காம் படி: முதல் நாவல்

இப்போது 'த பிளாக்கர் த பெர்ரி'. பழம் எவ்வளவு கறுப்போ சாறு அவ்வளவு இனிப்பு என்ற கறுப்பின மக்களின் பழமொழியிலிருந்து தலைப்பு வருகிறது. 1929இல் மெக்காலே பதிப்பகம் வெளியிட்டது. அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் இது காப்புரிமையற்ற நூல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் என்ற இந்தியக் கணக்கின்படி அதற்கு வெகு முன்பே காப்புரிமை முடிந்துவிட்டது. மொழிபெயர்க்க எண்ணுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். காப்புரிமை இல்லாத நூல் என்பதாலேயே பிழை மலிந்த பதிப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. நான் முதலில் வாங்கிய படியில் பாகத் தலைப்புகளே விடுபட்டிருந்தன. நாவலுக்கு ஐந்து பாகங்கள். வாங்கும் முன் உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

தொடக்கக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். ஐடஹோ மாநிலத்தின் பாய்ஸி நகரில் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு மேடை. வெள்ளை அங்கி அணிந்த வெள்ளை மாணவர்களின் வரிசைகளுக்கு நடுவே எம்மா லூ மார்கன் ஒருத்திதான் கறுப்பு. அவள் அணிந்திருப்பதும் வெள்ளை அங்கியே. அதனாலேயே அவளது நிறம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. கையில் வாங்கப்போகிற சான்றிதழால் தனக்கு என்ன பயன் என்று அவள் மேடையிலேயே கேட்டுக்கொள்கிறாள். ஆனால் அவளைக் காயப்படுத்தியவர்கள் அந்த வெள்ளை மாணவர்கள் அல்லர், சொந்தக் குடும்பத்தார். அவளது பாட்டி சார்ந்திருப்பது 'நீல நரம்பு' வட்டம். தோலுக்குக் கீழே நரம்பு நீலமாகத் தெரிகிற அளவுக்கு வெளுத்த கலப்பினத்தவரின் வட்டம். தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் வெளுத்தாக வேண்டும் என்பது அவர்களது கொள்கை. அந்தக் குடும்பத்தில், கறுத்த தந்தைக்குப் பிறந்த மகளாக எம்மா லூ வளர்கிறாள்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் எச்சரிக்கை. மணமகள் விளம்பரங்களில் 'நல்ல நிறம்' தேடும் சமூகத்திலிருந்து வரும் நாம், இதை நம் கதையாகவே எடுத்துக்கொண்டு வேகமாகத் தலையாட்டிவிடுவோம். ஒற்றுமை இருக்கிறதுதான், ஆனால் வேர் வேறு. இங்கே நிறத்தின் ஒவ்வொரு படிநிலைக்குப் பின்னாலும் அடிமை முறை இருக்கிறது. அடிமைப் பெண்கள்மீது எசமானர்கள் செலுத்திய வன்முறையின் தடம் இருக்கிறது. அதை மறந்தால் பாட்டியின் பெருமிதத்தில் இருக்கும் கொடூரம் பிடிபடாது.

எம்மா லூவின் பயணத்தை உங்கள் முதல் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்கு மாநிலத்துச் சிறுநகரம், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், பிறகு ஹார்லெம். தர்மன் சென்ற பாதை அப்படியே இருக்கிறது. தர்மனும் கறுத்த நிறத்தவர். நூலை அவர் காணிக்கையாக்கியது மா ஜாக்குக்கு. தம் காயத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்து எழுதியிருக்கிறார் என்று விமர்சகர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. அந்த இடமாற்றம் அவருக்கு ஒரு வசதியையும் தந்தது. எம்மா லூ விரும்பும் ஆல்வா என்ற அழகனை, அவளது கண்வழியாக, ஆசையோடு பார்த்து எழுத முடிந்தது. ஆல்வாவின் தாய் கலப்பினத்தவள், தந்தை ஃபிலிப்பைன்ஸ்காரர். கடைசிப் பாகத்தில் எம்மா லூ அறைக்குத் திரும்பும்போது, குடிபோதையில் ஆல்வா ஓர் இளைஞனைத் தழுவிக் கிடப்பதைக் காண்கிறாள். அதற்குமேல் அவள் தாமதிக்கவில்லை, பெட்டியைக் கட்டத் தொடங்குகிறாள். அத்தனை பக்கங்களாக அவன் தன்னை ஒதுக்கியதற்குத் தன் நிறமே காரணம் என்று நம்பிவந்தவளுக்கு, வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்பது அந்த ஒரு நொடியில் தெரிகிறது. ஆனால் தர்மன் அந்தக் காட்சியை அருவருப்பின் தொனியில்தான் எழுதுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நுஜென்டின் கதையைத் தயங்காமல் அச்சேற்றிய இதழாசிரியர், தம் சொந்த நாவலில் இவ்வளவு கூச்சப்படுவது ஏன் என்ற கேள்வியை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

நான் தடுமாறிய விருந்துக் காட்சி நான்காம் பாகத்தில் வருகிறது. ட்ரூமன் வால்டர் என்பவர் தர்மனே. டோனி க்ரூஸ் ஹியூஸ். கோரா தர்ஸ்டன் யார் என்பது எழுத்துக்களை மாற்றிப் பார்த்தாலே விளங்கும்.

இந்த நாவல் வந்த அதே 1929 பிப்ரவரியில் 'ஹார்லெம்' என்ற அவரது நாடகம் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறி 93 முறை நடந்தது. வெள்ளையரான வில்லியம் ஜோர்டன் ராப் என்ற நண்பரோடு சேர்ந்து, கார்டீலியா கதையை விரித்து எழுதியது. அந்தக் காலத்தில் ஹார்லெமுக்கு வெளியே அவரது பெயரைக் கொண்டு சேர்த்தது இந்த நாடகம்தான். ஆனாலும் தொடக்க வாசகர் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சொன்னதையும் சொல்லாததையும் கணக்கில் எடுத்தல்

இந்த இடத்தில் நாவல்களை வைத்துவிட்டு வாழ்க்கைக்கு வர வேண்டும். 1928 ஆகஸ்டில் தர்மன், தமக்குத் தட்டச்சு செய்ய வந்த லூயிஸ் தாம்சனை மணந்தார். சில மாதங்களிலேயே பிரிந்தார்கள். தாம்சன் சாதாரணப் பெண் அல்லர். 1932இல் ஹியூஸ் உள்ளிட்ட கலைஞர் குழுவொன்றைத் திரைப்படம் எடுக்க மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றவர், நீண்ட காலம் இடதுசாரி இயக்கத்தில் பணியாற்றியவர். மணமுறிவுப் பேச்சு நடந்தபோது பழைய கைதுச் செய்தியொன்று வெளிவந்துவிடும் என்ற அச்சம் தர்மனைப் பிடித்துக்கொண்டது. 1929 மேயில் ராப்புக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே விவரிக்கிறார். 1925இல் ஹார்லெமுக்கு வந்த புதிதில், கையில் காசில்லாத நிலையில், பொதுக் கழிப்பறை ஒன்றில் ஒருவர் இரண்டு டாலர் தருவதாகச் சொன்னதை ஏற்றதாகவும், உடனே காவலர்கள் பிடித்துக்கொண்டதாகவும் எழுதிவிட்டு, தாம் தன்பாலீர்ப்பு உடையவர் என்பதற்கு இதில் எந்தச் சான்றும் இல்லை என்று சாதிக்கிறார். கடைசிவரை அதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்று தாம்சனும் முதுமையில் சொன்னார்.

நண்பர்களின் நினைவுகளும், ஆண்களோடு அவர் வாழ்ந்த விதமும், நாவல்களும் வேறு சொல்கின்றன. இன்று தன்பாலீர்ப்பு எழுத்தாளர்களின் வரிசையில் அவரை வைத்துப் பேசுவது பொதுவழக்கு, அதில் தவறில்லை. அதே நேரம், அவரது மறுப்பை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. ஒரு கைது, ஒரு மணமுறிவு வழக்கு, பிராட்வேயில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாடகம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தலைமேல் தொங்கும்போது, வெள்ளையரான கூட்டாளிக்கு ஒருவர் எழுதிய கடிதம் அது. கடிதத்தை வாக்குமூலமாகப் படிக்காமல், தற்காப்பாகப் படியுங்கள்.

ஆறாம் படி: 'இன்ஃபன்ட்ஸ் ஆஃப் த ஸ்பிரிங்'

அவரது முதன்மையான நூல் எது என்று கேட்டால், குறைகளோடு சேர்த்து இதைத்தான் சொல்வேன். 1932இல் வந்தது. தலைப்பு ஹாம்லெட் நாடகத்தின் ஒரு வரியிலிருந்து எடுத்தது. வசந்தத்தின் இளந்தளிர்களை அவை மலருமுன்பே புழு அரித்துவிடும் என்பது அந்த வரியின் கருத்து. மேற்கு 136ஆம் தெருவில் 267ஆம் எண் வீட்டில், உரிமையாளரான பெண்மணி கலைஞர்களுக்கு வாடகை வாங்காமல் அறைகளைத் தந்திருந்தார். தர்மனும் நுஜென்டும் அங்கே இருந்தார்கள். கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையும் இலக்கிய மேட்டுக்குடியைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி, தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டு அந்த வீட்டுக்கு 'நிகராட்டி மேனர்' என்று பெயர் வைத்தார்கள். நாவல் அந்த வீட்டின் கதை.

படிக்கும்போது ஒரு பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரேமண்ட் டெய்லர் தர்மன். பால் ஆர்பியன் நுஜென்ட். ஸ்வீட்டி மே கார் ஹர்ஸ்டன். டெவிட் கிளின்டன் கவிஞர் கவுன்டி கல்லன். டாக்டர் பார்க்ஸ் என்பவர் அலைன் லாக் என்ற பேராசிரியர். பட்டியல் கையில் இருந்தால் டாக்டர் பார்க்ஸ் எழுத்தாளர்களைக் கூட்டி நடத்தும் கலந்துரையாடல் அத்தியாயம் சிரிப்பை வரவழைக்கும். ஆப்பிரிக்க மூதாதையரின் கலைக்குத் திரும்புவோம் என்று ஒருவர் தொடங்க, எனக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன தொடர்பு என்று இன்னொருவர் கேட்க, ஒரு புது இயக்கத்தைத் தொடங்கவிருந்த கூட்டம் கூச்சலில் கலைந்துபோகிறது. ஹார்லெம் எழுச்சியைப் பற்றி அதன் உள்ளேயிருந்து எழுதப்பட்ட ஆகக் கடுமையான விமர்சனம் இது என்பது என் கணிப்பு. எழுதியவர் அந்த வீட்டில் குடியிருந்தவர் என்பதாலும், தம்மையும் விட்டுவைக்காததாலும், வெளியிலிருந்து எறியப்பட்ட கல்லாக அது தோன்றுவதில்லை.

தன்பாலீர்ப்பைப் பற்றிய கூச்சம் இங்கே பாதி விலகிவிட்டது. பால் ஆர்பியன் தன் ஆசைகளை மறைப்பதில்லை. ஆணா பெண்ணா எது பிடிக்கும் என்று கேட்டால் இரண்டும் தனக்கு ஒன்றுபோலவே இன்பம் தந்தன என்று கூசாமல் பதில் சொல்கிறான். ரேமண்டுக்கும், டென்மார்க்கில் பிறந்த வெள்ளை நண்பன் ஸ்டீபனுக்கும் இடையே இருக்கும் நெருக்கத்துக்கு மட்டும் நாவல் எந்தப் பெயரும் வைப்பதில்லை. பெயர் வைத்துவிட்டதும் வைக்காமல் விட்டதும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைக் கவனித்தால், ஐந்தாம் படியில் பார்த்த கடிதத்தின் பொருள் இன்னும் விளங்கும்.

முடிவை இங்கே சொல்லப்போகிறேன். விரும்பாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.

பால் குளியல் தொட்டியில் தற்கொலை செய்துகொள்கிறான். அதற்கு முன், தன் நாவலின் கையெழுத்துத் தாள்களைக் குளியலறைத் தரை முழுவதும் பரப்பி வைத்திருக்கிறான். தன்னைக் கண்டுபிடிப்பவர்கள் அதையும் கண்டுபிடிப்பார்கள், இறந்தபின் புகழ் வரும் என்பது திட்டம். ஆனால் தொட்டி நிரம்பி வழிந்து, பென்சிலால் எழுதிய பக்கங்கள் எல்லாம் படிக்க முடியாதபடி அழிந்துவிடுகின்றன. மிஞ்சியது தலைப்புப் பக்கமும், அதில் அவன் வரைந்த படமும் மட்டும். சிதைந்துவரும் அடித்தளத்தின் மேல் நிற்கும் ஒரு கறுப்பு வானளாவி. அதன்மேல் பாயும் வெள்ளை ஒளிக்கற்றைகள். நிலவறையில் எரிந்த இதழ்க் கட்டுகளை நினைவில் வைத்திருப்பவருக்கு, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாவலாசிரியர் இங்கே இதழாசிரியரின் கதையை எழுதுகிறார். உண்மையில் நுஜென்ட் சாகவில்லை. 1987 வரை வாழ்ந்து, ஆராய்ச்சியாளர்களுக்குப் பழைய நாட்களை அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாவலின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரங்கள் பேசுவதைவிடச் சொற்பொழிவு ஆற்றுவது அதிகம். பெண் பாத்திரங்கள் ஏறத்தாழ எல்லோரும் மேலோட்டமானவர்கள். ரேமண்ட் தன்னை அலசிக்கொண்டே இருக்கும் பக்கங்களில் ஒரு நல்ல பதிப்பாசிரியரின் கத்தரிக்கோல் தேவைப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால், நூலை வெளியிட்ட மெக்காலே நிறுவனத்தில் அதே 1932இல் தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்புக்கு வந்தவர் தர்மனே. வெள்ளையர் நடத்திய நியூயார்க் பதிப்பகம் ஒன்றில் கறுப்பினத்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வது அன்று கேள்விப்படாத ஒன்று. பிறர் எழுத்தில் குறையைச் சட்டென்று பிடிக்கும் அவரது திறமைக்கு அந்த வேலை பொருந்தியது. தம் எழுத்தில் அவர் அதைக் காணவில்லை என்று சொல்ல முடியாது. கண்டு, அதனாலேயே மனம் கசந்தார் என்பதுதான் நண்பர்களின் நினைவுகளிலிருந்து தெரிவது.

ஏழாம் படி: எஞ்சியவை

ஏ. எல். ஃபர்மனோடு சேர்ந்து எழுதி 1932இலேயே வந்த 'த இன்டர்ன்', மருத்துவமனைச் சீர்கேடுகளைப் பற்றிய வேக எழுத்து. அதைத் தேடி அலைய வேண்டாம். ஹாலிவுட்டில் அவர் திரைக்கதை எழுதிய 1934ஆம் ஆண்டுப் படங்களில் 'டுமாரோஸ் சில்ட்ரன்' கவனத்துக்குரியது. ஏழைகளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டங்களை எதிர்த்த அப்படத்தை நியூயார்க் மாநிலம் தடை செய்தது, தடை செல்லும் என்று 1938இல் அம்மாநில நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. 1934இல் நியூயார்க்குக்குத் திரும்பிய தர்மன், குடியும் காசநோயும் சேர்ந்து உடலைத் தின்ற நிலையில் வெல்ஃபேர் தீவின் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இன்று அந்தத் தீவின் பெயர் ரூஸ்வெல்ட் தீவு. தீராத நோயாளிகளுக்கான பிரிவில் ஆறு மாதம் கிடந்து அங்கேயே இறந்தார்.

இவ்வளவும் முடித்தவர்கள் 1940இல் வந்த ஹியூஸின் தன்வரலாறான 'த பிக் சீ'யில் ஹார்லெம் பற்றிய பகுதியை எடுக்கலாம், 'ஃபயர்!!' எரிந்த கதையும், பத்து டாலர் கதைகளும் அங்கேதான் உள்ளன. காட்சியாகப் பார்க்க விரும்பினால் ராட்னி எவன்ஸ் இயக்கிய 'பிரதர் டு பிரதர்' என்ற 2004ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. முதிய நுஜென்ட் ஓர் இளைஞனுக்கு அந்த வீட்டைக் காட்டி, அங்கே நடந்தவற்றைச் சொல்வதாக அது அமைந்திருக்கிறது. அதைப் பார்த்த கையோடு 'ஃபயர்!!' இதழில் நுஜென்டின் கதையை இன்னொரு முறை படியுங்கள். முதல் வாசிப்பில் எரிச்சலூட்டிய அந்தப் புள்ளிகளை இம்முறை உரக்க, மூச்சு விடும் இடங்களாக வைத்துப் படித்துப் பாருங்கள்.